அப்பா குடியை விடட்டும் என்று காத்திருப்பதா, நாம் முதலில் போவதா?

சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தத்தை வைத்தே அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைகள் நம் திருநெல்வேலிப் பக்கத்தில் ஏராளம். ஒரே உதையில் ஸ்டாண்டு விழுந்தால் பாதகமில்லை. இரண்டு மூன்று தடவை தட்டுத் தடுமாறினால் தம்பியை எழுப்ப வேண்டும், அருவாமணையை அரிசிப்பானைக்குப் பின்னால் தள்ள வேண்டும், ஆச்சி வீட்டுக்கு ஓடுவதற்குப் பின்வாசல் கொண்டியை எடுத்து வைக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு இன்று இருபத்தைந்தோ நாற்பதோ வயது. வேலை, கல்யாணம், குழந்தை எல்லாம் ஆகியிருக்கும். ஆனாலும் பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். மேலதிகாரி குரலை உயர்த்தினால் கை சில்லிட்டுப் போகும். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டும்.

இது கோழைத்தனம் இல்லை. வருஷக்கணக்கில் அடிக்குப் பயந்தே வளர்ந்த உடம்பு, அந்தப் பழக்கத்தை இன்னும் விடவில்லை. அமெரிக்காவின் சான் டியேகோவில் 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வின் முதல் முடிவுகள் 1998-இல் வெளிவந்தன. குழந்தைப்பருவத்தில் அடி, வசவு, குடிக்கிற பெற்றோர், அடிபடுகிற தாய் என்று எத்தனை வகைத் துன்பம் சேர்கிறதோ, அந்த அளவுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் குடியும் இதயநோயும்கூடக் கூடுகின்றன என்று அது காட்டியது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆம் நோய்ப்பட்டியல், தப்பிக்க வழியில்லாத இடத்தில் திரும்பத் திரும்ப நடந்த கொடுமையால் வருகிற பாதிப்பை 'காம்ப்ளெக்ஸ் பிடிஎஸ்டி' என்று தனி நோயாகவே வகுத்திருக்கிறது. பேர் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. எந்த வழியில் போவது என்பதுதான் கேள்வி.

நம் வீடுகளில் முதலில் வருகிற பதில் ஒன்றுதான்: "அப்பா குடியை விட்டுட்டா எல்லாம் சரியாப் போவும்." அதனால் அதிலிருந்தே தொடங்குவோம்.

அப்பாவை முதலில் சரிசெய்வது

அவருக்கு வைத்தியம் பார்க்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. குடிநோய் நோய்தான். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் குடியால் வரும் மனநிலைப் பாதிப்பை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. நஞ்சு இறக்குவதற்கு ஏழு முதல் பத்து நாள், அதன்பின் சில வாரம் ஆலோசனை, அதன்பின் ஒரு வருஷத்துக்குக் குறையாத தொடர் கவனிப்பு என்பதுதான் ஒழுங்கான முறை. மறுபடி குடிப்பது இதில் சாதாரணம். ஒரு தடவை சேர்த்தோம், மூன்றாம் மாதம் மறுபடி ஆரம்பித்தார், இனி அவ்வளவுதான் என்று கைவிடத் தேவையில்லை. இரண்டாம், மூன்றாம் முயற்சியில் நிலைத்து நின்றவர்கள் உண்டு.

இதில் கெட்டுப்போகிற இடங்கள் மூன்று.

முதலாவது, தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கிற பொடி. சுவரொட்டியிலும் போனிலும் விளம்பரம் வருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்பிராம் என்ற மாத்திரையை அப்படிக் கலந்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது வயிற்றில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும். உயிரும் போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் அந்த ஆபத்து உண்டு. அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் ரத்தப் பரிசோதனை பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது.

இரண்டாவது, ராத்திரி வேனில் ஆள் வந்து தூக்கிப்போகும் மையங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் எந்த நாளில் வந்து பார்க்கிறார், குடும்பத்தார் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமா, இந்த மூன்றையும் கேளுங்கள். "முதல் மாசம் பாக்கவே விடமாட்டோம்" என்று பதில் வந்தால் அங்கே சேர்க்காதீர்கள். அடித்துக் கட்டிவைத்து அனுப்பப்பட்ட மனுஷன் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வரும்போது, கையெழுத்துப் போட்ட மகன்மேல்தான் முதல் கோபம் பாயும். சம்மதமில்லாமல் சேர்ப்பதற்கும் சட்டத்தில் முறை உண்டு. மருத்துவர்கள் பார்த்து எழுதித் தர வேண்டும், அதுவும் முதலில் 30 நாளுக்கு மட்டும்தான்.

மூன்றாவது நம்மைப் பற்றியது. அப்பா குடியை விட்டாலும் நம் இரண்டு மணி விழிப்பு தானாக நிற்பதில்லை. அவர் விட்ட பிறகு வீட்டில் அமைதி வந்ததும்தான் பல பேருக்கு அழுகையும் ஆத்திரமும் பீறிட்டு வருகின்றன. அப்பா செத்து, கருமாதியும் முடிந்து, நாலைந்து வருஷம் கழித்துச் சிகிச்சைக்கு வருபவர்களும் உண்டு. ஈமத்தில் அழுகை வராமல் நிம்மதி வந்தது, அந்த நிம்மதிக்காகவே இத்தனை வருஷமாக உள்ளே ஒரு குற்ற உணர்ச்சி. அவருடைய வைத்தியமும் நம்முடைய வைத்தியமும் ஒரே வீட்டில் ஓடுகிற இரண்டு வெவ்வேறு காரியங்கள். ஒன்று முடிந்துதான் மற்றது என்று வைத்தால் நம்முடையது தொடங்கவே தொடங்காது. எங்கள் கருத்து திட்டவட்டமானது: காத்திருக்காதீர்கள்.

கயிறும் மாலையும் ஜெபமும்

திருச்செந்தூருக்கு மாலை போட்டிருக்கிற நாட்கள், குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் காப்புக் கட்டி விரதம் இருக்கிற நாட்கள். இவைதான் வருஷத்தில் வீடு அமைதியாக இருந்த நாட்கள் என்று சொல்லும் பிள்ளைகளை இந்தச் சீமை முழுக்கப் பார்க்கலாம். உவரி அந்தோணியார் கோயிலிலும் புளியம்பட்டியிலும் பொட்டல்புதூர் பள்ளிவாசலிலும் அழுது இறக்கிவைத்த தாய்மாருக்கு அது நிஜமான ஆறுதல். அதைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. விரதம் ஒரு மனுஷனைக் குடிக்காமல் நிறுத்தி வைக்கும் என்பதும் உண்மை. மாலை கழற்றிய மறுநாள் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். தினமும் காலையிலேயே குடிக்கிற ஆள், கயிறு கட்டியோ மாலை போட்டோ ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு தாங்காமல் போகலாம். ஆறு மணி நேரத்திலிருந்து கை நடுக்கமும் வியர்வையும் வரும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நாலாம் நாள் வரை ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பது, இல்லாத ஆளோடு பேசுவது எல்லாம் வரலாம். சாமி கோபம், பேய்க்கோளாறு என்று பூசாரியிடமோ ஜெபக்கூட்டத்துக்கோ கொண்டுபோகிற நேரத்தில் உயிர் போயிருக்கிறது. 108-ஐக் கூப்பிட வேண்டிய நேரம் அது. ஆஸ்பத்திரியில் நஞ்சு இறக்கியபின் மாலை போடட்டும், இரண்டுக்கும் சண்டையில்லை.

நம் காயத்துக்கு வந்தால், சாமியிடம் அழுவது ஒரு துணை. ஆனால் "பெத்தவரை மன்னிச்சாத்தான் ஆசீர்வாதம்" என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த அறிவுரையைத் தள்ளிவைக்கலாம். மன்னிப்பு வரலாம், வராமலும் போகலாம். தூக்கம் சரியாவதற்கு அது நிபந்தனை இல்லை.

ஊரை விட்டுப் போவது

திருப்பூர், சென்னை, துபாய். நம் பிள்ளைகளில் பலர் எடுக்கிற முதல் சிகிச்சை இதுதான். தப்பில்லை. அடி விழுகிற வீட்டில் இருந்துகொண்டு பழைய அடிக்கு மருந்து போட முடியாது. தனி அறை, சொந்தச் சாவி, கதவைத் தட்டாமல் யாரும் உள்ளே வராத ஒரு ராத்திரி, இவையே பாதி வைத்தியம்.

மீதிப் பாதியைப் போன் கெடுக்கும். பதினொரு மணிக்கு அம்மா அழுதுகொண்டு பேசுவாள், பின்னால் அவர் சத்தம் கேட்கும், முந்நூறு மைல் தள்ளியிருந்தும் நமக்கு ராத்திரி போய்விடும். அதனால் சில ஏற்பாடுகள் தேவை. பேசுவது காலை ஏழு மணிக்கு, அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில். ராத்திரி ஆபத்து என்றால் அம்மா முதலில் கூப்பிட வேண்டியது பக்கத்திலிருக்கும் மாமாவையோ 112-ஐயோ. சென்னையில் இருக்கும் மகனால் அந்த நேரத்தில் ஓடி வர முடியாது. இதை அம்மாவிடம் பகல் நேரத்தில், நிதானமாக, முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும். பணத்தைக் கையில் கொடுக்காமல் பலசரக்குக் கடைக்கும் கரண்டு பில்லுக்கும் நேராகக் கட்டுங்கள். பீடி சுற்றி அம்மா வாங்குகிற கூலியும், மாதம் வருகிற உரிமைத்தொகை 1,000 ரூபாயும் பிடுங்கப்படுகிற வீடாக இருந்தால், ஏடிஎம் கார்டு ஆச்சியிடமோ அத்தையிடமோ இருக்கட்டும்.

அக்காளோ தம்பியோ இன்னும் அந்த வீட்டில் இருக்கிறார்கள் என்ற குற்ற உணர்ச்சி தனிப் பாரம். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை அடிபடுகிறது என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. கூப்பிடுகிறவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

அடி இன்னும் நிற்கவில்லை என்றால்

அப்படியானால் மனநலச் சிகிச்சை இரண்டாம் இடம்தான், பாதுகாப்பு முதலிடம். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவிக்கு மட்டும் உள்ளது என்று பலர் நினைக்கிறார்கள். அதே வீட்டில் வாழ்ந்த மகளும், தகப்பனார் அடித்தால், இதன்கீழ் மனுச் செய்யலாம். திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் இருக்கிற கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குப் போய் மாவட்டச் சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள். அவர் நடந்ததைப் படிவத்தில் எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். அடிக்கக்கூடாது என்ற உத்தரவும், வீட்டைவிட்டு வெளியேற்றக்கூடாது என்ற உத்தரவும் கேட்கலாம். வக்கீல் பீஸ் வேண்டியதில்லை. இலவச சட்ட உதவிக்கு 15100, பெண்களுக்கு வருமான வரம்பும் கிடையாது. 181 பெண்கள் உதவி எண்.

பதினெட்டு தாண்டிய மகனுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அவன் போலீஸில்தான் புகார் கொடுக்க முடியும். அம்மா மனுச் செய்தால், அந்த வீட்டில் வளர்கிற பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பாதுகாப்புக் கேட்கலாம்.

நடைமுறையில் இடறுகிற இடம் சாட்சி. காயம் பட்ட அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், "வாசப்படியில் விழுந்தேன்" என்று சொல்லாமல் நடந்ததைச் சொன்னால், அந்தச் சீட்டே வலுவான ஆதாரம். நம் ஊரில் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் நாக்கு வராது.

பெரியாஸ்பத்திரியா, தனியாரா, போனா, குழுவா

பாதுகாப்பான இடத்துக்கு வந்துவிட்டவருக்கு இதுதான் உண்மையான தேர்வு. கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கிற திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. சீட்டுப் போடுகிற இடத்தில் "மனநலப் பிரிவு" என்று சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டாம். பார்ப்பதற்கும் மாத்திரைக்கும் காசு கிடையாது. இதன் பலம் இரண்டு. ஒன்று, நோய் இன்னது என்று படித்த மருத்துவர் பார்த்துச் சொல்வது. எல்லாமே சின்ன வயசு அடியால்தான் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. தைராய்டு குறைவும் ரத்தசோகையும் மனச்சோர்வு மாதிரியே வேஷம் போடும், அதை ரத்தப் பரிசோதனையில்தான் பிரிக்க முடியும். இரண்டாவது பலம், தூக்கமும் பசியும் அறவே போனவருக்கு மருந்து உடனே கிடைப்பது.

பலவீனம் நேரம். கூட்டம் அதிகம். உங்களுக்குக் கிடைப்பது சில நிமிஷம். உள்ளே போய் உட்கார்ந்ததும் தொண்டை அடைத்து, "தலைவலி சார்" என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம். அதனால் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

தூக்கம்: 11 மணிக்குப் படுத்தால் 2 மணிக்கு விழிப்பு. ஆறு மாதமாக.
பயம்: சத்தம் கேட்டால் படபடப்பு, வாரத்தில் நாலைந்து தடவை.
சின்ன வயசு: 6 முதல் 17 வயது வரை அப்பா குடித்துவிட்டு அடித்தார். ஒருமுறை கை முறிந்தது.
இப்போது வரக் காரணம்: போன வாரம் என் பிள்ளையை அறைந்துவிட்டேன்.
குடி, மாத்திரை: குடிப்பதில்லை. மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் பத்து நாள் போட்டேன்.
செத்துவிடலாம் என்ற நினைப்பு: போன மாதம் இரண்டு தடவை.

ஆறே வரிதான். தாளை அப்படியே டாக்டர் கையில் கொடுத்துவிடலாம், வாயைத் திறக்கவே வேண்டாம். ஐந்தாவது வரியையும் ஆறாவது வரியையும் மறைத்தால் மருந்து தப்பாகப் போகும். முக்கியமாகத் தூக்க மாத்திரை. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிப் போடுகிற அல்பிரசோலம் வகை மாத்திரைகள் சில வாரத்திலேயே பழக்கமாகிவிடும். குடிப்பழக்கம் வரும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பரம்பரையால் வருவது. குடிநோயாளியின் பிள்ளைகள் இந்த மாத்திரையிலும் மதுவிலும் மற்றவர்களைவிட இரட்டை எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

டாக்டர் எழுதுவது பெரும்பாலும் செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரையாக இருக்கும். முதல் வாரம் குமட்டலும் ஒருவிதப் பரபரப்பும் வரலாம், குணம் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். "பத்து நாள் சாப்பிட்டேன், ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துவதுதான் முதல் தப்பு. மூன்று மாதத்தில் நல்லாகிவிட்டது என்று சடக்கென்று நிறுத்துவது இரண்டாவது தப்பு; தலைசுற்றலும் எரிச்சலும் வந்து, மாத்திரைக்கு அடிமையாகிவிட்டோம் என்று பயந்துபோவார்கள். படிப்படியாகக் குறைக்க வேண்டும். இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு முதல் சில வாரத்தில் சாகிற எண்ணம் கூடினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மருந்து உடம்பைக் கொஞ்சம் அடங்க வைக்கும். அந்த ராத்திரிகளை ஆற்றுவது பேச்சு. இங்கேதான் தனியார் உளவியலாளர் வருகிறார். ஆலோசகர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும், பெரும்பாலும் இரண்டு வருஷ எம்.ஃபில் படித்திருப்பார். போனிலேயே கேட்டுவிடுங்கள்: பதிவு எண் என்ன, அடி உதையில் வளர்ந்தவர்களைப் பார்த்த பழக்கம் உண்டா, ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு பணம். நல்ல ஆள் கோபப்பட மாட்டார்.

வாரம் ஒருமுறை, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், பன்னிரண்டு முதல் இருபது தடவை. கையில் இருக்கிற பணத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். நாலு தடவைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அதை முதல் நாளே சொல்லுங்கள். அதற்குத் தக்கபடி திட்டம் போடுவார். சொல்லாமல் பாதியில் நின்றுபோவதுதான் மோசம், புண்ணைத் திறந்துவிட்டுக் கட்டுப் போடாமல் வருவது மாதிரி.

ஒழுங்கான சிகிச்சை முதல் நாளே பழைய கதையைத் தோண்டாது. முதல் மூன்று நாலு தடவை, பயம் வரும்போது உடம்பை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது என்றுதான் பழக்குவார்கள். கால் இரண்டையும் தரையில் ஊன்றுங்கள். தரை சில்லென்று இருக்கிறதா, சுடுகிறதா? எதிரே தெரிகிற ஐந்து பொருளை மனசுக்குள் பேர் சொல்லுங்கள்: ஜன்னல், விசிறி, செருப்பு, காலண்டர், தண்ணிக் குடம். மூச்சை நாலு எண்ணும்வரை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுங்கள். இன்றைய தேதியையும் உங்கள் வயதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். உடம்பு எட்டு வயதில் நிற்கிறது, அதற்கு முப்பத்திரண்டு ஆகிவிட்டது என்று காதால் கேட்க வேண்டும். இது கைவந்தபிறகுதான் நினைவுகளுக்குள் போவது. அதற்கு ஆதாரமுள்ள முறைகள் இரண்டு: அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, மற்றொன்று கண்ணை இடவலமாக அசைத்தபடி நினைவைக் கையாளும் இஎம்டிஆர்.

முதல் சந்திப்பிலேயே நடந்த மிக மோசமான சம்பவத்தை முழுக்கச் சொல்லச் சொன்னால் ஆளை மாற்றுங்கள். "என்ன இருந்தாலும் அப்பாதானே" என்று சமாதானம் பேசினாலும் மாற்றுங்கள். நீங்கள் பேசியதை அம்மாவிடம் சொல்கிறவரும் வேண்டாம். சட்டப்படி அது உங்கள் ரகசியம். மூன்று தடவை போயும் நம்பிக்கை வரவில்லை என்றாலும் ஆளை மாற்றலாம், அது ஓடிப்போவது ஆகாது.

களக்காட்டிலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ வாரம் ஒருமுறை பாளைக்கு வர முடியாதவர்களுக்கு வீடியோவில் பேசுவது நல்ல வழி, பெரிய வித்தியாசம் தெரியாது. இடம்தான் பிரச்சினை. ஓட்டுச் சாய்ப்பு வீட்டில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் மதினி இருப்பாள். மொட்டைமாடி, வாய்க்கால் கரை, நண்பனின் கடைப் பின்னறை என்று முன்கூட்டியே இடம் பார்த்து, சிக்னல் இருக்கிறதா என்றும் பார்த்துவைக்க வேண்டும்.

பணமும் இல்லை, போகவும் முடியாது என்றால் டெலி மானஸ், எண் 14416. மத்திய அரசு 2022 அக்டோபர் 10-இல் தொடங்கியது. இருபத்துநாலு மணி நேரமும், தமிழிலேயே, காசில்லாமல் பேசலாம், தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கே இணைப்பார்கள். சாகத் தோன்றுகிற ராத்திரிக்கு இதுவும், சென்னை சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் 044-24640050-வும் போனில் சேமித்து இருக்கட்டும். அந்த நினைப்பு வருகிறவர் வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் இன்றைக்கே அது வேறு வீட்டுக்குப் போக வேண்டும், நாளைக்கு என்று வைக்காதீர்கள். போன் உதவியின் குறை, ஒவ்வொரு தடவையும் வேறு ஆள் எடுக்கக்கூடும் என்பது. நீண்ட சிகிச்சைக்கு இது பத்தாது. வாசலைத் தட்டுவதற்கு இதைவிட எளிது எதுவுமில்லை.

குழு என்பது வேறு மாதிரியான மருந்து. குடிப்பவர்களுக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-இல் தொடங்கியது. அவர்களுடைய குடும்பத்தாருக்காக அல்-அனான் 1951-இல் வந்தது. குடிகாரப் பெற்றோரிடம் வளர்ந்து பெரியவர்களானவர்களுக்கென்றே 1978-இல் நியூயார்க்கில் ஒரு குழு உருவாகி, இன்று இணையத்தில் பல நாட்டுக் கூட்டங்களாக நடக்கிறது. கட்டணம் இல்லை, விரும்பினால் உண்டியலில் போடலாம். பேரைச் சொல்ல வேண்டாம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட்டு அறிவுரை சொல்லக்கூடாது என்பது விதி. நம் ஊரில் எந்தத் திண்ணையிலும் கிடைக்காத ஒன்று அது. "அவர் குடியை நாம் உண்டாக்கவில்லை, நம்மால் அதைக் கட்டுப்படுத்த முடியாது, குணமாக்கவும் முடியாது" என்று அங்கே சொல்வார்கள். மார்க்கு குறைந்ததால்தான் அப்பா குடித்தார் என்று இருபது வருஷம் நம்பியவருக்கு அந்த மூன்று வாக்கியமும் சாதாரணம் இல்லை.

நம் பக்கத்துச் சிக்கல் வேறு. சின்ன ஊரில் உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் "நீங்க யாரு மகன்?" என்று கேட்டுவிடுவார்கள். தெரிந்த முகம் எதிரே இருந்தால் வாய் திறக்காது. அதனால் அம்பாசமுத்திரத்துக்காரர் பாளையில் கூட்டம் தேடட்டும், பாளைக்காரர் மதுரையில் தேடட்டும், இல்லாவிட்டால் இணையத்தில் முகம் காட்டாமல் உட்காரலாம். பெரியவர்களான பிள்ளைகளுக்கான இணையக் கூட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பவை. ஒரு கூட்டத்தை வைத்து முடிவு செய்யாமல் ஆறு கூட்டமாவது போய்ப் பாருங்கள் என்று அல்-அனான்காரர்களே சொல்வார்கள். தினமும் செத்துவிடலாம் என்று தோன்றுகிற நிலையில் இருப்பவர் குழுவை மட்டும் நம்பக்கூடாது, முதலில் மருத்துவர்.

மன்னிப்புக் கேட்க வைப்பது

பலருடைய மனசில் இருக்கிற உண்மையான ஆசை இதுதான். ஒருநாள் எதிரே உட்கார வைத்து, "அன்னைக்கு அம்மாவ எதுக்கு அப்படி அடிச்சீங்க?" என்று கேட்டுவிட வேண்டும். ஒன்றை மனசில் வையுங்கள். அளவு மீறிக் குடித்தவரின் மூளை அந்த நேரத்து நினைவைப் பதிவதே இல்லை. நடந்தார், பேசினார், அடித்தார், ஆனால் அந்த ராத்திரி அவர் தலையில் இல்லை. "நான் எப்பட்டி அடிச்சேன்?" என்று அவர் கேட்பது எல்லா நேரமும் நடிப்பு ஆகாது. அதனால் அவர் செய்தது குறைந்துவிடாது. ஆனால் அவரிடம் இல்லாத ஒரு ராத்திரிக்காக அவரிடமிருந்து மன்னிப்பு வாங்க நீங்கள் வருஷக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும்.

கேட்டே ஆக வேண்டும் என்றால் காலையில், அவர் தெளிவாக இருக்கும்போது, நீங்கள் எழுந்து போக வழியுள்ள இடத்தில். ஒரே ஒரு சம்பவம், இரண்டே வாக்கியம். அவர் மறுத்தால் அன்று ராத்திரி நீங்கள் எங்கே, யாரோடு இருப்பீர்கள் என்று முதலிலேயே ஏற்பாடு செய்துகொண்டு கேளுங்கள்.

அனுப்பாத கடிதம் இதைவிடப் பாதுகாப்பானது. தொடர்ந்து நாலு நாள், தினம் பதினைந்து முதல் இருபது நிமிஷம், எழுத்துப்பிழை பார்க்காமல் எழுதுவது. ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் சோதித்துப் பார்த்த முறை. எழுதி முடித்ததும் சில மணி நேரம் மனசு கனக்கும், அது எதிர்பார்த்ததுதான். எழுதும்போது நடுக்கம் வந்து நிற்கவில்லை என்றால் அந்த விஷயத்தை விட்டு வேறொன்றுக்குப் போங்கள். தாளைக் கிழித்துவிடலாம், தாமிரபரணியில் விடலாம். வீட்டில் பீரோவில் மட்டும் வைக்காதீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது

அடி இன்னும் நடக்கிறது என்றால் 181, 1098, கொக்கிரகுளம். சாகிற நினைப்பு இருந்தால் இன்று 14416, நாளைக் காலை ஹைகிரவுண்டு. இரண்டும் இல்லை, ஆனால் தூக்கமில்லை, பிள்ளைமேல் கை ஓங்குகிறது, கல்யாண வாழ்க்கை கசக்கிறது என்றால், எங்கள் சிபாரிசு இந்த வரிசை: ஒருமுறை பெரியாஸ்பத்திரியில் பார்த்து ரத்தப் பரிசோதனையும் நோய் நிர்ணயமும், அதன்பின் பதிவுள்ள மருத்துவ உளவியலாளரிடம் பன்னிரண்டு வாரம், நாலாவது வாரத்திலிருந்து குழு. பணமே இல்லாதவர் உளவியலாளர் இருக்கும் இடத்தில் குழுவையும் டெலி மானஸையும் வைத்துக்கொள்ளலாம். மெதுவாகப் போகும், ஆனால் போகும்.

வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்றில்லை. "பொறுத்துக்கோ மக்கா, ஊருக்குத் தெரிஞ்சா யாரு பொண்ணு குடுப்பா" என்று ஆச்சி சொல்வாள் என்று தெரிந்தால், பல் டாக்டர் என்று சொல்லிவிட்டுப் போங்கள். கொடுக்கிற சீட்டில் மனநலப் பிரிவு என்று அச்சடித்திருக்கும், அதைப் பையில் போடாமல் போட்டோ எடுத்துவிட்டு நண்பரிடம் கொடுத்துவைக்கலாம். அடுத்த முறை வரவேண்டிய தேதியைச் சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரில் குறிக்க வேண்டாம், அதை வீட்டில் எல்லோரும் கிழிப்பார்கள். போனில் அலாரமாக வையுங்கள், முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒன்று, அன்று காலை ஆறரைக்கு ஒன்று.